இலை எண்ணிக்கை அவங்களோடது, பந்தி நம்மளோடது – நெய்பர்ஹுட் பிளான் பத்தி வாசகர் கேள்விகள்

போன மாசம் இந்தப் பக்கத்துல லாஃப்ட் எக்ஸ்டென்ஷன் பத்தி ஒருத்தருக்குப் பதில் எழுதும்போது, "உங்க ஏரியாவுக்கு நெய்பர்ஹுட் பிளான் இருக்கான்னும் ஒரு தடவ பாத்துக்குங்க"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான், மெயில் மேல மெயில். பாதிப் பேரு அப்படின்னா என்னன்னு கேக்கறாங்க, மீதிப் பேரு எங்க ஏரியால இருக்கு ஆனா கவுன்சில் மதிக்கவே இல்லைன்னு திட்டறாங்க. அதனால இந்த மாசம் பூரா இதே பேச்சுதான். நெய்பர்ஹுட் பிளான்னா, ஏரியால என்ன எங்க எப்படிக் கட்டணும்னு அந்த ஏரியா ஜனங்களே எழுதற பிளானிங் விதிங்க. ஊரு அளவுல இருக்கற பாரிஷ் கவுன்சிலோ, ஃபோரம்ங்கற ஏரியாக் குழுவோ எழுதும், எக்ஸாமினர்னு ஒருத்தர் பாப்பாரு, அப்புறம் ஜனங்க வாக்கெடுப்பு. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல இருந்து எழுதினவங்க கோவிச்சுக்காதீங்க, அங்க சட்டமே வேற.

கேள்வி: எங்க ஏரியா ஆளுங்க ஒண்ணு சேந்து ஃபோரம் ஆரம்பிச்சிருக்கோம். "மூணு மாடிக்கு மேல கூடாது, புதுசா ஃபிளாட்டே வேண்டாம்"னு பிளான்ல எழுதி வாக்கெடுப்புல ஜெயிச்சுட்டா, கவுன்சில் அதுக்குக் கட்டுப்பட்டுத்தானே ஆகணும்? – ஹாரோ வாசகி

அம்மா, ஜெயிச்சா கட்டுப்பட்டுத்தான் ஆகணும். ஆனா நீங்க எழுதினது வாக்கெடுப்பு வரைக்கும் போய்ச் சேராது, அதான் விஷயம்.

கல்யாண வீட்ட நெனச்சுக்குங்க. எத்தனை இலைன்னு பெரியவங்க பேசி முடிச்சு சமையக்காரர்கிட்ட சொல்லியாச்சு. இப்ப உங்ககிட்ட பந்திப் பொறுப்ப குடுக்கறாங்க. மாடில போடறதா கீழ போடறதா, வயசானவங்கள எந்த வரிசைல உக்கார வைக்கிறது, கை கழுவற இடம் எங்க, எல்லாம் உங்க இஷ்டம். "நான் நூறு இலைதான் போடுவேன், மத்தவங்கள திருப்பி அனுப்புங்க"ன்னு மட்டும் சொல்ல முடியாது. ஸ்ட்ராடஜிக் பாலிசிங்கறது, அதாவது மொத்தம் எத்தனை வீடு மாதிரி பெரிய விஷயத்த மேல இருக்கறவங்க முடிவு பண்ற கொள்கை, அதுதான் இலை எண்ணிக்கை. நெய்பர்ஹுட் பிளான்ங்கறது பந்தி.

இத சட்டம் எப்படிச் சொல்லுதுன்னா, 2011-ல லோக்கலிசம் ஆக்ட்னு ஒண்ணு வந்துச்சு, அதுலதான் நெய்பர்ஹுட் பிளான்ங்கற சமாச்சாரமே பொறந்தது. பிளான் பாஸ் ஆகணும்னா சில 'பேசிக் கண்டிஷன்' இருக்கு. அதுல முக்கியமானது, உங்க ஏரியாவுக்கான டெவலப்மென்ட் பிளான்ல (உங்க ஏரியாவுக்குச் செல்லுபடியாகற பிளான் எல்லாம் சேந்த தொகுப்பு) இருக்கற ஸ்ட்ராடஜிக் பாலிசிகளோட 'ஜெனரல் கன்ஃபார்மிட்டி'ல இருக்கணும், அதாவது மொத்தத்துல பாத்தா ஒத்துப் போகணும். இன்னொரு பக்கம் தேசிய பிளானிங் பாலிசி, என்.பி.பி.எஃப்.னு சொல்லுவாங்களே, அது இன்னும் ஒடச்சே சொல்லுது: ஸ்ட்ராடஜிக் பாலிசில இருக்கறதவிடக் குறைச்சலான டெவலப்மென்ட்ட நெய்பர்ஹுட் பிளான் சொல்லக் கூடாது, அந்தப் பாலிசிகளக் கீழறுக்கவும் கூடாது. கூட்டிக்கலாம், குறைக்க முடியாது.

இப்ப ஹாரோவுக்கு வருவோம். லண்டன்ல இருக்கறவங்களுக்கு ரெண்டு பெரியவங்க. ஒண்ணு பரோ கவுன்சிலோட லோக்கல் பிளான், அதுக்கு மேல மேயரோட லண்டன் பிளான். 2021 லண்டன் பிளான்ல ஹாரோவுக்குப் பத்து வருஷத்துக்கு 8,020 வீடுன்னு நம்பர் போட்டாச்சு. பக்கத்துல பிரென்ட்டுக்கு 23,250. இது உங்க ஃபோரம் மீட்டிங்ல பேசி மாத்தற நம்பர் இல்ல. 'புதுசா ஃபிளாட்டே வேண்டாம்'னு எழுதின அன்னிக்கே அந்த நம்பரோட மோதியாச்சு. மாடி விஷயமும் அப்படித்தான். டால் பில்டிங்குக்கு, அதாவது உயரமான கட்டடத்துக்கு, எந்த இடம் தோதுன்னு பரோ தன்னோட பிளான்ல குறிக்கணும்னு லண்டன் பிளான் சொல்லுது, அதுலயும் 6 மாடி இல்லேன்னா 18 மீட்டருக்குக் கீழ இருக்கறத டால் பில்டிங்னே வரையறுக்கக் கூடாதுன்னு வேற இருக்கு. ஸ்டேஷன் பக்கம் உயரமா கட்டலாம்னு பரோ குறிச்சிருந்தா, அங்கயும் மூணு மாடிதான்னு நீங்க சொன்னா எக்ஸாமினர் அடிச்சிருவாரு.

யாரு எக்ஸாமினர்? கவுன்சிலும் உங்க ஃபோரமும் ஒத்துக்கிட்டு நியமிக்கற வெளியாளு. பெரும்பாலும் ஹியரிங் எல்லாம் வைக்க மாட்டாரு, பேப்பர பாத்தே முடிச்சிருவாரு. நான் ஒரு கவுன்சில் பிளானிங் ஆபீஸ்ல பல வருஷம் குப்ப கொட்டினவன், அப்ப ஒரு ஃபோரத்தோட பிளான் எக்ஸாமினர்கிட்ட இருந்து திரும்பி வந்தத பாத்திருக்கேன். நாலு வருஷ உழைப்பு. பக்கத்துக்குப் பக்கம் 'அனுமதிக்கப்படாது'ங்கற வார்த்தைய வெட்டிட்டு 'ஆதரிக்கப்படாது'ன்னு மாத்தியிருந்தாரு, ஏன்னா அனுமதி குடுக்கறதும் மறுக்கறதும் கவுன்சில் வேலை, பிளானோட வேலை இல்ல. உயரத்தப் பத்தின ஒரு பாலிசிய முழுசா எடுத்துட்டாரு, காரணம் ரெண்டே வரி. அந்த ஃபோரத்தோட தலைவி கவுன்ட்டர்ல நின்னு அந்த ரெண்டு வரிய திரும்பத் திரும்பப் படிச்சது இன்னும் கண்ணுல இருக்கு.

அப்ப உயரத்தப் பத்தி எழுதவே கூடாதான்னா, எழுதலாம். ஸ்டேஷன் பக்கம் உயரமா இருந்தா அது பின்னாடி தெரு ரெண்டு மாடி வீடுங்க பக்கம் வர வர படிப்படியா இறங்கணும், இந்த இடத்துல இருந்து அந்தக் கோயில் கோபுரமோ சர்ச்சோ தெரியற பார்வைய மறைக்கக் கூடாது, இப்படி. பெரிய பாலிசிய ஒத்துக்கிட்டு அதுக்குள்ள நம்ம ஊரு வழிய சொல்றது. அந்த 'ஜெனரல்'ங்கற வார்த்தைக்கு அவ்வளவு இடம் இருக்கு, வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப் போகணும்னு சட்டம் கேக்கலை. மோதல் எவ்வளவு பெருசு, ஏன் வேற மாதிரி சொல்றீங்க, அதுக்கு ஆதாரம் என்ன வச்சிருக்கீங்கன்னுதான் பாப்பாங்க. அதனால போட்டோ எடுங்க, டேப் வச்சு அளங்க, தெருத் தெருவா குறிச்சு வைங்க. 'எங்களுக்குப் புடிக்கலை'ங்கறது ஆதாரம் ஆகாது.

கேள்வி: எல்லாமே மேல இருக்கறவன் முடிவு பண்ணிட்டான்னா அப்புறம் எதுக்கு இந்த நாடகம், டீ பிஸ்கட் குடுத்து ஏமாத்தறதுக்கா? – ஈஸ்ட் ஹாம் வாசகர்

கோவம் புரியுது, ஆனா மூணு ஊரு கதைய கேட்டுட்டுத் திட்டுங்க.

ஒண்ணு தேம், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல சின்ன மார்க்கெட் டவுன். 2012 கடைசில சவுத் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுன்சிலோட கோர் ஸ்ட்ராடஜில (லோக்கல் பிளானோட முக்கியப் பகுதி) தேம்முக்கு 775 வீடுன்னு வந்துச்சு. ஊருக்கு வெளிய ஒரே இடத்துல கொண்டு போய் கொட்டற யோசனைதான் முதல்ல, ஊர்க்காரங்க சண்டை போட்டாங்க. ஆனா அவங்க சண்டை போட்ட விதம் பாருங்க, 775-அ குறைக்கச் சொல்லலை. "775 எங்களுக்கு ஓகே, எங்க வைக்கிறதுன்னு நாங்க சொல்றோம்"னாங்க. நெய்பர்ஹுட் பிளான் போட்டு, ஊர சுத்திப் பல இடங்கள்ல பிரிச்சு வச்சு, எல்லாரும் டவுனுக்கு நடந்தே போற மாதிரி பாத்துக்கிட்டாங்க. 2013-ல வாக்கெடுப்புலயும் ஜெயிச்சாங்க. இலை எண்ணிக்கை மாறலை, பந்தி மொத்தமா மாறிப் போச்சு.

ரெண்டு டாட்டன்ஹால், செஷயர்ல ஒரு கிராமம். எத்தனை வீடு மொத்தமா வரும்ங்கறதுல கை வைக்காம, ஊருக்குள்ளயோ ஊர ஒட்டியோ ஒரு ஸ்கீமுக்கு 30 வீடுதான்னு எழுதினாங்க. பெரிய பெரிய பில்டர்ங்க கோர்ட்டுக்குப் போனாங்க, இது ஸ்ட்ராடஜிக் பாலிசிக்கு விரோதம்னு. 2014-ல ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணிருச்சு. மொத்தம் எவ்வளவுங்கறது வேற, ஒரு தடவைக்கு எவ்வளவுங்கறது வேற. மாத்திரைய மாத்தல, டோஸ பிரிச்சுக் குடுத்தாங்கன்னு வச்சுக்குங்களேன்.

மூணாவது எனக்கு ரொம்பப் புடிச்சது, செயின்ட் ஐவ்ஸ், கார்ன்வால்ல கடற்கரை ஊரு. வெளியூர்ப் பணக்காரங்க ஹாலிடே வீடா வாங்கி வாங்கிப் போட்டு, உள்ளூர்ப் பசங்களுக்கு வீடே கிடைக்காம போச்சு, டிசம்பர்ல போனா பாதித் தெரு இருட்டா கிடக்கும். அவங்க பிளான்ல ஒரு பாலிசி போட்டாங்க: புதுசா கட்டற வீடு எல்லாம் யாராவது நிரந்தரமா குடியிருக்கற வீடாத்தான் இருக்கணும். 2016 மே மாசம் வாக்கெடுப்பு, 80 சதவீதத்துக்கு மேல ஆதரவு. ஒரு டெவலப்பர் கேஸ் போட்டாரு, அதே வருஷம் ஹைகோர்ட்ல தோத்தாரு. ஏற்கனவே இருக்கற ஹாலிடே வீடுங்கள இது தொடாது, புதுசுக்கு மட்டும்தான், அதுவும் சொல்லிடணும். ஆனா கவுன்சிலே துணிஞ்சு எழுதாதத ஒரு சின்ன ஊரு எழுதி கோர்ட்லயும் நிக்க வச்சுது பாருங்க.

டீ பிஸ்கட் விஷயத்துல நீங்க சொல்றது ஒருவகைல சரிதான். சர்ச் ஹால்ல பெரிய மேப்ப விரிச்சு பச்சை சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுவாங்களே, அந்தக் கூட்டங்கள்ல பாதில எண்ணிக்கை ஏற்கனவே முடிவானதுன்னு யாரும் சொல்றதே இல்ல, ஜனங்க பூரா மேப்லயும் சிவப்ப ஒட்டிட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போறாங்க. அங்கதான் ஏமாத்து வேலை ஆரம்பிக்குது, சட்டத்துல இல்ல.

கேள்வி: அண்ணா, எங்கட ஏரியாவுக்கு 2015-லயே நெய்பர்ஹுட் பிளான் வந்திட்டுது. பிறகு கவுன்சில் 2022-ல புது லோக்கல் பிளான் கொண்டு வந்தவை. இப்ப ரெண்டும் ஒண்டுக்கொண்டு முரண்பட்டா எது செல்லும் எண்டு விளங்கேல்ல, கொஞ்சம் சொல்லுங்கோ. – சட்பரி டவுன், பிரென்ட்

நல்ல கேள்வி தம்பி, மத்தவங்களும் கவனிங்க. எது பெரியவங்களோட பிளான்னு பாக்கறது இல்ல, எது கடைசியா வந்துச்சுன்னுதான் பாக்கறது. 2004-ல வந்த பிளானிங் சட்டத்துல 38-வது செக்‌ஷன், டெவலப்மென்ட் பிளானுக்குள்ளயே ரெண்டு பாலிசி மோதினா கடைசியா வந்த டாக்குமென்ட் சொல்றதுக்குத்தான் சாதகம்னு சொல்லுது.

அதனால உங்க பிளான் 2015-ல வந்தப்ப, அன்னிக்கு இருந்த பிரென்ட்டோட சின்னச் சின்ன பாலிசிங்கள, அதாவது ஸ்ட்ராடஜிக் இல்லாததுங்கள, அது ஓரங்கட்டிட்டு முன்னாடி நின்னுச்சு. அப்புறம் 2021 மார்ச்ல லண்டன் பிளான் வந்துச்சு, 2022 பிப்ரவரில பிரென்ட் லோக்கல் பிளான் வந்துச்சு. மோதற இடத்துல மட்டும் இப்ப புதுசுதான் நிக்கும். மோதாத இடத்துல உங்களோடது அப்படியே உசுரோட இருக்கு, சாகல. இத நிறைய பேரு தப்பா புரிஞ்சுக்கிட்டு பழைய பிளான தூக்கிக் குப்பைல போட்டுடறாங்க. பார்க், மரம், கடைத்தெரு முகப்பு மாதிரி விஷயத்தப் பத்தி உங்க பிளான் விவரமா சொல்லியிருந்து, புதுசுல அதுக்கு எதிரா எதுவும் இல்லேன்னா, உங்க தெருவுக்கு வர்ற பிளானிங் அப்ளிகேஷனுக்கு ஆட்சேபம் எழுதும்போது பாலிசி நம்பரோட அத எழுதுங்க. நம்பர் இல்லாம 'எங்க நெய்பர்ஹுட் பிளானுக்கு எதிரா இருக்கு'ன்னு மொட்டையா எழுதினா ஆபீசர் ரிப்போர்ட்ல ஒரு வரில முடிச்சிருவாரு. நானே அப்படி முடிச்சிருக்கேன்.

இன்னொண்ணு, ஃபோரத்துக்கு ஆயுசு 5 வருஷம். பிளான் இருக்கும், ஃபோரம் காலாவதி ஆயிருக்கும். பிளான புதுப்பிக்கணும்னா முதல்ல ஃபோரத்த திரும்ப அங்கீகாரம் வாங்கணும்.

கேள்வி: எங்க கவுன்சிலோட லோக்கல் பிளான் அரதப் பழசு, புதுசு இப்ப வரும் அப்ப வரும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அது வர்ற வரைக்கும் நாங்க காத்திருக்கணுமா? – எய்ல்ஸ்பரி பக்கம் ஒரு பாரிஷ் கவுன்சிலர்

வேண்டாம். இதுக்கு உங்க பக்கத்து ஊருலயே விடை இருக்கு.

ஆரம்பத்துல குழப்பமாத்தான் இருந்துச்சு. 2012-ல டெவன்ல டாலிஷ்ங்கற ஊரு முதல் ஆளா ஓடி வந்து பிளான எக்ஸாமினர்கிட்ட குடுத்தாங்க, கவுன்சிலோட கோர் ஸ்ட்ராடஜியே இன்னும் வரலை, நீங்க அவசரப்பட்டுட்டீங்கன்னு திருப்பி அனுப்பிட்டாரு. எல்லாரும் பயந்து போய் காத்திருக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் பக்கிங்ஹாம்ஷயர்ல விண்ஸ்லோ துணிஞ்சுது, எய்ல்ஸ்பரி வேல்ல அப்ப புது லோக்கல் பிளான் கிடையாது, இவங்களே வீடு எங்க வரணும்னு கோடு போட்டாங்க. ஒரு டெவலப்பர் கோர்ட்டுக்குப் போனாரு, 2014 டிசம்பர்ல தோத்தாரு. 2017-ல சஸ்ஸெக்ஸ்ல நியூயிக் கேஸ்ல கோர்ட் ஆஃப் அப்பீலும் அதையே சொல்லிருச்சு: இருக்கற ஸ்ட்ராடஜிக் பாலிசியோட ஒத்துப் போனா போதும், இல்லாத ஒண்ணோட ஒத்துப் போகச் சொல்ல முடியாதுன்னு. பொண்ணே பாக்காம பொருத்தம் பாக்க முடியுமா என்ன.

ஆனா ஒரு கணக்கு இருக்கு. முந்திக்கிட்டா, நாளைக்கு கவுன்சில் புது பிளான் கொண்டு வரும்போது கடைசியா வந்தது அதுதான், மேல சட்பரி தம்பிக்குச் சொன்ன அதே கதை. அதனால டிராஃப்ட் லோக்கல் பிளானுக்காக கவுன்சில் சேத்து வச்சிருக்கற ஆதாரம், வீட்டுத் தேவைக் கணக்கு, அதெல்லாம் இப்பவே வாங்கிப் பாத்து ஒட்டி எழுதுங்க. உங்க ஏரியாவுக்கு மட்டும் எத்தனை வீடுன்னு ஒரு நம்பர் குடுங்கன்னு கவுன்சில எழுத்துல கேளுங்க, ஸ்ட்ராடஜிக் பாலிசில இல்லேன்னா உத்தேசமாவாவது ஒண்ணு குடுக்கணும். அந்த நம்பர வாங்கி அதுக்கு இடமும் ஒதுக்கிட்டீங்கன்னா உங்களுக்குப் பெரிய கவசம் ஒண்ணு கிடைக்குது. அடுத்த 5 வருஷத்துக்குத் தேவையான வீடு கட்ட நிலம் இருக்குன்னு கவுன்சில் கணக்கு காட்ட முடியாம போனா டெவலப்பர் பக்கம் தராசு சாயும், தெரியும்ல. அந்த நேரத்துலயும், உங்க பிளான் வந்து 5 வருஷம் ஆகாம, வீட்டுத் தேவைக்கு இடம் ஒதுக்கியும் இருந்தா, அதுக்கு எதிரான ஸ்கீம தடுக்கறதுக்கு தேசிய பாலிசியே உங்க பக்கம் பேசும். முன்னாடி இது 2 வருஷமா இருந்துச்சு, 2023 டிசம்பர்ல 5 ஆக்கினாங்க. 'வீடே வேண்டாம்'னு எழுதின ஊருக்கு இந்தக் கவசம் கிடையாது. வீட்டுக்கு இடம் காட்டினவனுக்குத்தான் தடுக்கற உரிமை, வேடிக்கையா இல்ல?

கேள்வி: நாங்க முப்பது குடும்பம் சேந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு வேர்ஹவுஸ் வாடகைக்கு எடுத்து வெள்ளிக்கிழமை பஜனையும் ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸும் நடத்தறோம். கவுன்சில் நோட்டீஸ் விட்டிருக்கு. எங்க ஏரியாவுக்கு நெய்பர்ஹுட் பிளான் வரப் போகுது, அதுல 'இந்த எஸ்டேட்ல கோயில் வரலாம்'னு சேத்துட்டா சரியாயிடுமா? – வடமேற்கு லண்டன்

ஆகாதுங்க. இத சொல்ல எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு, ஏன்னா நம்மாளுங்க பல கோயில், பல தமிழ்ப் பள்ளி இப்படி ஷட்டர் போட்ட யூனிட்லதான் ஆரம்பிச்சது, வாசல்ல மாவிலையும் உள்ள ஃபோர்க்லிஃப்ட் டயர் தடமும் சேந்தே இருக்கும்.

முதல்ல உங்க எஸ்டேட் என்ன வகைன்னு பாருங்க. 'ஸ்ட்ராடஜிக் இண்டஸ்ட்ரியல் லொக்கேஷன்'னு லண்டன் பிளான்ல குறிச்ச இடமா? பார்க் ராயல் மாதிரி. பேருலயே ஸ்ட்ராடஜிக் இருக்கு பாருங்க. அங்க தொழில், குடோன் தவிர வீடு, கடை, ஜனங்க கூடற இடம் எதுவும் கூடாதுங்கறதுதான் மேயரோட நிலை, லண்டன்ல குடோன் நிலமே கரைஞ்சுக்கிட்டு வருதுன்னு. அத ஒரு ஏரியா பிளான் மாத்தவே முடியாது, எழுதினாலும் எக்ஸாமினர் எடுத்துருவாரு. அந்த லிஸ்ட்ல இல்லாத சின்ன எஸ்டேட்னா கொஞ்சம் பேச இடம் இருக்கு, பரோவோட லோக்கல் பிளான் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்.

கட்டடத்த என்னத்துக்குப் பயன்படுத்தறோம்ங்கறத வச்சு பிளானிங்ல வகுப்பு பிரிச்சிருக்காங்க, வழிபாட்டு இடத்துக்கு எஃப்1-ன்னு தனி வகுப்பு. வேர்ஹவுஸ்ல இருந்து அதுக்கு மாறணும்னா பிளானிங் பெர்மிஷன் வாங்கியே ஆகணும், வாரத்துக்கு ரெண்டு நாள்தானேன்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க. நோட்டீஸுக்குப் பதில் தேதிய விட்டுடாதீங்க, பிளானிங் தெரிஞ்ச ஒருத்தர உடனே பாருங்க.

நெய்பர்ஹுட் பிளான்ல நீங்க செய்யக் கூடியது வேற. ஹை ஸ்ட்ரீட்ல, பஸ் வர்ற ரோட்டுல காலியா கிடக்கற கட்டடங்களக் காட்டி, 'இங்க சமுதாயக் கூடமும் வழிபாட்டு இடமும் வர்றத ஆதரிக்கிறோம், பார்க்கிங் சத்தம் இதெல்லாம் இப்படி இப்படி சமாளிக்கணும்'னு ஒரு பாலிசி எழுத வைங்க. அது யாருக்கும் எதிரி இல்லாத பாலிசி, நிக்கும். ஆனா அதுக்கு நீங்க அந்த ஃபோரம் மீட்டிங்குக்குப் போய் உக்காரணும். முப்பது குடும்பத்துல ரெண்டு பேரு போங்க.

கேள்வி: நான் இண்டியன் பாஸ்போர்ட், வாக்கெடுப்புல ஓட்டு போடலாமா? ஃபோரத்துல சேரலாமா? – ஹவுன்ஸ்லோ

தாராளமா. உள்ளாட்சித் தேர்தலுக்கு யாருக்கு ஓட்டோ அவங்களுக்கு இதுலயும் ஓட்டு. முறையான விசாவுல இங்க குடியிருக்கற காமன்வெல்த் நாட்டுக்காரங்க ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம், அதுல இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அடக்கம். ஐரோப்பிய யூனியன் பாஸ்போர்ட்டோட வந்த நம்ம மக்களுக்கு மட்டும் 2024-ல விதி மாறிடுச்சு, 2020 டிசம்பர் 31-க்கு முன்னாடில இருந்தே இங்க முறையா இருக்கீங்களா, எந்த நாட்டு பாஸ்போர்ட்டுன்னு பாத்துத்தான் சொல்ல முடியும், கவுன்சிலோட எலெக்டோரல் ஆபீஸ்ல கேட்டுக்குங்க. வந்து ஓட்டு போடறவங்கள்ல பாதிக்கு மேல 'சரி' சொன்னா பிளான் பாஸ், குறைஞ்சபட்ச ஓட்டுப் பதிவு இவ்வளவு இருக்கணும்னு எதுவும் கிடையாது.

ஃபோரத்துக்குக் குறைஞ்சது 21 பேரு வேணும். குடியிருக்கறவங்க மட்டுமில்ல, அங்க வேலை பாக்கறவங்களும் வரலாம், அதனால கடை வச்சிருக்கறவங்க 'நான் வேற ஏரியால குடியிருக்கேன்'னு ஒதுங்க வேண்டாம்.

கேள்வி: இதுல பணம் வருமா? வரும்னு ஒரு கவுன்சிலர் சொன்னாரு. – குரோய்டன்

வரும், ஆனா உங்க கைக்கு வராது. புதுக் கட்டடம் வந்தா டெவலப்பர் கவுன்சிலுக்குக் கட்டற சி.ஐ.எல். வரில, நெய்பர்ஹுட் பிளான் இருக்கற ஏரியாவுக்கு 25 சதவீதம். பிளான் இல்லேன்னா 15 தான், அதுக்கும் உச்சவரம்பு உண்டு. பாரிஷ் கவுன்சில் இருக்கற ஊர்ல அந்தப் பங்கு நேரா பாரிஷுக்கே போயிடும். லண்டன்ல பாரிஷ் கிடையாது, வெஸ்ட்மின்ஸ்டர்ல குயின்ஸ் பார்க் ஒண்ணுதான் 2014-ல இருந்து இருக்கு. மத்த இடத்துல பணத்த பரோவே வச்சுக்கிட்டு, உங்கள கலந்துக்கிட்டு செலவு பண்ணும். கலந்துக்கறதுங்கறது பரோவுக்குப் பரோ வேற மாதிரி, அத நான் சொல்ல வேண்டியதில்ல.

பணம் ஜாஸ்தி வரணும்னா கட்டடம் ஜாஸ்தி வரணும்ங்கறதையும் யோசிச்சுக்குங்க. இன்னொரு சங்கடம், பிளான் தயாரிக்க மத்திய அரசு குடுத்துக்கிட்டிருந்த உதவித்தொகைய 2025-ல நிறுத்திட்டாங்க. முன்னாடி கன்சல்டன்ட் ஃபீஸுக்கு அதுதான் கைகுடுத்துச்சு, இனிமே ஆரம்பிக்கறவங்க சுருக்கமா நாலஞ்சு பாலிசியோட நிறுத்திக்கறது புத்திசாலித்தனம். எப்படியும் எக்ஸாமினர் பாதிய வெட்டுவாரு.

கேள்வி: எங்க பிளான்ல ஆபீஸ் கட்டடங்கள காப்பாத்தணும்னு தெளிவா இருக்கு, இருந்தும் எதிர்ல இருந்த ஆபீஸ ஃபிளாட்டா மாத்திட்டாங்க. எப்படி? – ரெட்பிரிட்ஜ்

'பெர்மிட்டட் டெவலப்மென்ட்'. 2021 ஆகஸ்ட்ல இருந்து கிளாஸ் எம்.ஏ.ன்னு ஒரு வழி, ஆபீஸ், கடைய எல்லாம் முழு பிளானிங் பெர்மிஷன் இல்லாமலே வீடா மாத்தலாம், கவுன்சில்கிட்ட வெளிச்சம், போக்குவரத்து மாதிரி சில விஷயத்துக்கு மட்டும் முன் ஒப்புதல் வாங்கினா போதும். அங்க உங்க பிளானும் நிக்காது, லோக்கல் பிளானும் நிக்காது. பெரியவரும் சின்னவரும் சேந்து வாசல்ல நிக்க, ஆளு கொல்லை வழியா போயிட்டான். இந்த ஏரியால முழு பெர்மிஷன் வாங்கியே ஆகணும்னு சொல்ற ஆர்ட்டிகிள் 4 உத்தரவு போட்டு அந்த வழிய அடைக்கச் சொல்லி கவுன்சில கேக்கலாம், அது கவுன்சில் கையிலதான் இருக்கு.

கேள்வி: மகள் வீட்டுக்கு சென்னைல இருந்து வந்திருக்கேன். நம்ம ஊர்லயும் இப்படி ஏரியா ஜனங்க பிளான் போடற ஏற்பாடு இருக்கா? – தாம்பரம், இப்ப தற்காலிகமா மில்டன் கீன்ஸ்

வாங்க சார். நம்ம ஊர்ல 1971 டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் சட்டத்துல மாஸ்டர் பிளான், அதுக்குக் கீழ 'டீடெய்ல்டு டெவலப்மென்ட் பிளான்'னு அடுக்கு இருக்கு. மெட்ராஸுக்கு 2008-ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான் மேல, டி.டி.பி. கீழ, அந்த வரைக்கும் பாக்க ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா டி.டி.பி.ய எழுதறது அதிகாரிங்க, நம்ம ஆட்சேபம் மட்டும் எழுதிக் குடுக்கலாம். இங்க எழுதறதே ஏரியாக்காரங்க, ஓட்டும் அவங்களோடது, அதான் வித்தியாசம்.

மகள் வீட்டுல லெட்டர்பாக்ஸ்ல பீட்சா நோட்டீஸுக்கு நடுவுல பாரிஷ்ல இருந்தோ கவுன்சில்ல இருந்தோ 'டிராஃப்ட் நெய்பர்ஹுட் பிளான், கருத்துக் கேட்பு'ன்னு ஒரு பேப்பர் வரும், தூக்கிப் போட்டுடாம எடுத்து வைங்க சார். குறைஞ்சது ஆறு வாரம் டயம் குடுப்பாங்க, கடைசித் தேதி பெரும்பாலும் பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும்.